நைல் நதிக்கரையில் அப்பா தேடிய கொத்தனார்!

"காசு குடுத்து, கடல் தாண்டிப் போய், சுடுகாட்டைச் சுத்திப் பார்க்கப் போறீங்களா அப்பனும் மகளும்?"

எகிப்து டிக்கெட்டைக் காட்டியதும் அம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான். மறுத்துப் பேச வழியில்லை. எட்டு நாள் சுற்றுலாத் திட்டத்தில் பாதி கோயில், பாதி கல்லறை. அக்காவுக்குப் பிரசவ நேரம் என்பதால் அம்மா வரவில்லை. "எனக்கும் சேர்த்து நீங்களே பார்த்துட்டு வாங்க. ஆனா, வந்ததும் தலைக்குக் குளிச்சுட்டுத்தான் வீட்டுக்குள்ள கால் வைக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டார்.

அப்பா கொத்தனார். புதுக்கோட்டைப் பக்கம் கிராமம். 14 வருடங்கள் வளைகுடாவில் கட்டட வேலை. நான் வளர்ந்த வருடங்களில் அப்பா என்பவர் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை போன் குரல்தான். இப்போது அவருக்கு 58 வயது. முழங்கால் வலி, வீட்டில் ஓய்வு. நான் ஆபீஸ் தோழிகளுடன் போட்ட சீட்டு விழுந்தபோது, "எங்கேப்பா போகணும்?" என்று கேட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல், "எகிப்து" என்றார். கூட வேலை பார்த்த எகிப்து ஃபோர்மேன் ஒருவர் சாப்பாட்டு நேரத்தில் எல்லாம் தன் ஊர்ப் பெருமையே பேசுவாராம். "அந்த ஆளு புளுகுறானா, நெசமான்னு பாத்துரணும் பாப்பா!"

ஜனவரியில் போனோம். வெயில் நம் மார்கழி வெயில் போலத்தான். இரவில் ஸ்வெட்டர் வேண்டும். போகிறவர்களுக்கு ஒரு டிப்ஸ்: ஜூன், ஜூலையில் லீவு கிடைக்கிறது என்று கிளம்பிவிடாதீர்கள், அஸ்வான் வெயிலில் வெந்துவிடுவீர்கள்.

நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. அதனால் எகிப்தில் 'மேல் எகிப்து' என்றால் தெற்கு. மேப்பைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி முதல் நாள் முழுக்கக் குழப்பமாக இருந்தது. நாங்கள் தெற்கே அஸ்வானில் ஆரம்பித்து, ஆற்றின் போக்கிலேயே லக்சர் வரை படகில் வந்தோம்.

அஸ்வானில் முதலில் காட்டியது ஒரு கல்குவாரி. கோயிலைப் பார்க்க வந்தால் குவாரிக்குக் கூட்டிப்போகிறார்களே என்று எங்கள் குழுவில் முணுமுணுப்பு. அப்பா முகம் மட்டும் மலர்ந்துவிட்டது. பாறையோடு பாறையாகப் படுத்திருக்கிறது 'முடிக்கப்படாத தூண்'. ஒரே கல்லில் சுமார் 42 மீட்டர் நீளம். எழுந்து நின்றிருந்தால் 1,000 டன்னுக்கும் மேல் எடை. மூன்று பக்கம் செதுக்கி முடித்த நிலையில் கல்லில் விரிசல் விட்டிருக்கிறது. அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இரும்பு உளி இல்லை. டோலரைட் என்ற கடினமான கல்லை உருண்டையாக எடுத்து, இடித்து இடித்தே கிரானைட்டைக் குடைந்திருக்கிறார்கள்.

அப்பா அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் குனிந்து இடிபட்ட குழிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எத்தனை மாச வேலை தெரியுமா இது? ரேகை ஓடுன அன்னிக்கு இவனுங்க ராத்திரி சாப்பிட்டிருக்க மாட்டாங்க" என்றார். கைடு சொன்ன மன்னர் பெயர்களில் ஒன்றுகூட அப்பா காதில் விழவில்லை.

அங்கிருந்து எனக்கு ஒன்று புரிந்துவிட்டது. நான் போயிருக்கும் சுற்றுலா வேறு, அப்பா போயிருக்கும் சுற்றுலா வேறு. நான் ரீல்ஸுக்கு ஆங்கிள் பார்த்தேன். அவர் மூலைமட்டம் பார்த்தார். இரண்டாம் நாளிலிருந்து நானும் அவர் பார்க்கிற பக்கமே பார்க்க ஆரம்பித்தேன். அது ரொம்ப சுவாரஸ்யமாக இருந்தது.

அபு சிம்பல் அஸ்வானிலிருந்து சுமார் 280 கி.மீ. அதிகாலை 4 மணிக்கு வேனில் கிளம்பினோம். மலை முகப்பில் உட்கார்ந்திருக்கும் நான்கு பிரமாண்ட ராம்சேஸ் சிலைகளை எல்லோரும் படத்தில் பார்த்திருப்போம். அஸ்வான் பேரணை கட்டியபோது இந்தக் கோயில் மூழ்கிப்போக இருந்தது. 1964 முதல் 1968 வரை யுனெஸ்கோ முயற்சியில், கோயிலையே துண்டு துண்டாக அறுத்து, எண் போட்டு, சுமார் 65 மீட்டர் உயரத்தில் திரும்பவும் அடுக்கியிருக்கிறார்கள். பின்னால் இருக்கும் மலை, உண்மையில் உள்ளே கான்கிரீட் கூடு! அப்பா அரை மணி நேரம் ஜாயின்ட் தேடினார். "இங்க ஒண்ணு இருக்கு பாரு... இந்தா இன்னொண்ணு" என்று சின்னப்பிள்ளை போல எண்ணிக்கொண்டு வந்தார்.

திரும்பி வந்து ஃபெலூக்கா என்ற பாய்மரப் படகில் போனபோது, படகுக்காரர் நூபியர். "எங்க தாத்தா ஊர் அந்த அணைத் தண்ணிக்குக் கீழே இருக்கு" என்றார். கோயிலைக் கல் கல்லாக எடுத்து மேலே வைத்தார்கள். நூபியர்களின் கிராமங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பல்லாயிரம் பேரை கோம் ஓம்போ பக்கம் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். அப்பா அவரிடம் அரபியில் ஏதோ கேட்டார். அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். என்னவென்று நான் கேட்கவில்லை.

ஆமாம், அப்பாவுக்கு அரபி தெரியும். இலக்கண அரபி அல்ல, வளைகுடா கட்டட சைட்டுகளில் எல்லா நாட்டுக்காரர்களும் கலந்துகட்டிப் பேசுகிற அரபி. எகிப்தியர்களுக்கு அது பயங்கர காமெடி! கோயில் வாசலில் சால்வை, பொம்மை விற்கிறவர்கள் மொய்க்கும்போது அப்பா சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டி, "மாஃபி ஃபுலூஸ்" என்பார். 'காசு இல்லை' என்று அர்த்தம். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, டீ வாங்கித்தராத குறையாகத் தோளில் தட்டி அனுப்புவார்கள்.

கோம் ஓம்போ, எட்ஃபு கோயில்களை வேகமாகவே கடந்தோம். கோம் ஓம்போவில் முதலை மம்மிகள் இருக்கின்றன. குழந்தைகளோடு போனால் அவர்களுக்குப் பிடிக்கும். படகில் சாப்பாடு பரவாயில்லை. அரிசி, பருப்பு, மக்ரோனி எல்லாம் கலந்து மேலே தக்காளிச் சாறும் வறுத்த வெங்காயமும் போட்ட 'கொஷாரி'யை மட்டும் அப்பா சந்தேகமாகவே பார்த்தார். "மீந்துபோனதையெல்லாம் ஒண்ணா கொட்டிட்டான்" என்று சொல்லிக்கொண்டே இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.

லக்சரில் ஆறுதான் எல்லைக்கோடு. சூரியன் உதிக்கும் கிழக்குக் கரையில் கர்னாக், லக்சர் கோயில்கள். மறையும் மேற்குக் கரையில் கல்லறைகள். கர்னாக்கில் 134 தூண்கள் நிற்கும் மண்டபத்தில் எல்லோரும் அண்ணாந்து பார்த்து வாய் பிளந்தோம். நடுவில் இருக்கும் 12 தூண்களின் உயரம் மட்டுமே 20 மீட்டருக்கு மேல். "ஏன்பா, இவ்ளோ உயரத்துக்கு எப்படிக் கல்லை ஏத்துனாங்க?" என்று கேட்டேன். அப்பா பேசாமல் என்னைத் திரும்ப முதல் கோபுரச் சுவருக்குக் கூட்டிப்போனார். அதன் உட்புறம், பச்சை மண் கற்களால் ஆன ஒரு மேடு சரிந்து கிடக்கிறது. "வரும்போதே பாத்தேன். இதுதான் சாரம். மண் மேடு போட்டு ஏத்தியிருக்கான். முடிக்காம விட்டதால பிரிக்கவும் இல்லை." கைடிடம் கேட்டேன். கோபுரம் கட்டப் போட்ட சாய்தளத்தின் மிச்சமேதான் அது!

எங்கள் கைடு தமிழர்கள் என்று தெரிந்ததும் ஒரு தகவல் சொன்னார். லக்சருக்கு வடக்கே, பக்கத்திலேயே இருக்கும் கிஃப்ட் என்ற ஊரின் பழைய பெயர் கோப்டோஸ். முசிறியிலிருந்து மிளகு ஏற்றிய கப்பல்கள் செங்கடல் துறைமுகங்களுக்கு வர, அங்கிருந்து ஒட்டகத்தில் பாலைவனம் தாண்டி கோப்டோஸ் வந்து, நைல் வழியாக அலெக்சாண்ட்ரியா போயிருக்கிறது சரக்கு. குசேர் அல் காதிம் என்ற அந்தத் துறைமுகத்தில் கிடைத்த, சுமார் 2,000 வருடப் பழைமையான பானை ஓடு ஒன்றில் தமிழ்-பிராமி எழுத்து. 'பானை ஒறி' என்று அதைப் படித்தார் ஐராவதம் மகாதேவன். கயிற்றில் தொங்கவிடும் உறிதான். "நம்ம ஆத்தா வீட்ல வெண்ணெய்ச் சட்டி தொங்குமே, அதுவா?" என்றார் அப்பா. அதேதான்.

மறுநாள் மேற்குக் கரை. மன்னர்களின் பள்ளத்தாக்கில் ஒரு டிக்கெட்டுக்கு மூன்று கல்லறைகள் பார்க்கலாம். துட்டன்காமன் கல்லறைக்குத் தனி டிக்கெட். நாங்கள் பார்த்ததில் மூன்றாம் ராம்சேஸ் கல்லறையில் ஒரு வேடிக்கை. நேராகப் போய்க்கொண்டிருக்கும் பாதை திடீரென்று வலப்பக்கம் நகர்ந்து, பிறகு மறுபடி நேராகப் போகிறது. அப்பா நின்றுவிட்டார். "பாப்பா, இங்க என்னமோ தப்பு நடந்திருக்கு. யாரும் வேணும்னு இப்படிக் கட்ட மாட்டான்."

சரியாகச் சொன்னார். குடைந்துகொண்டே போனவர்கள், பக்கத்தில் இருந்த இன்னொரு மன்னர் கல்லறைக்குள் இடித்துக்கொண்டு போய்விட்டார்கள்! வேலையை நிறுத்தி, பிறகு பாதையைத் தள்ளிப்போட்டுத் தொடர்ந்திருக்கிறார்கள். "இந்த மேஸ்திரி அன்னிக்கு என்ன திட்டு வாங்கியிருப்பான்" என்று அப்பா ரசித்து ரசித்துச் சிரித்தார். கல்லறைக்குள் அப்படிச் சிரித்தவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

துட்டன்காமன் கல்லறை சின்னது. பொன்னெல்லாம் கெய்ரோவுக்குப் போய்விட்டது. அந்த இளம் மன்னன் மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருக்கிறான். எனக்குப் பிடித்தது அந்தக் கல்லறை தப்பித்த கதை. நூறு வருடங்களுக்கும் மேல் கழித்து, ஆறாம் ராம்சேஸுக்குக் கல்லறை வெட்ட வந்த வேலையாட்கள் தங்கள் குடிசைகளைப் போட்டது இதன் வாசல் மேல். கீழே என்ன இருக்கிறது என்றே தெரியாமல்! 1922-ல் ஹோவர்ட் கார்ட்டர் அந்தக் குடிசைகளின் அடிமட்டத்தை அகற்றிய பிறகுதான் முதல் படி தெரிந்தது.

"அந்தக் குடிசைக்காரங்க வீடெல்லாம் எங்க இருக்கு?" என்றார் அப்பா.

இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம். டெய்ர் எல் மெதினா. பெரும்பாலான சுற்றுலாக் குழுக்கள் நேரமில்லை என்று தாண்டிப்போய்விடுகிற இடம். தயவுசெய்து தாண்டிப்போகாதீர்கள். தனி டிக்கெட்தான், ஆனால் ஒவ்வொரு பைசாவுக்கும் மதிப்பு.

மன்னர் கல்லறைகளைக் குடைந்து, பூசி, ஓவியம் தீட்டிய தொழிலாளர்களின் கிராமம் இது. சுமார் 70 வீடுகள், ஒட்டி ஒட்டி, ஒரு தெரு. இடுப்பளவு சுவர்கள்தான் மிச்சம். தண்ணீர்கூட இங்கே கிடையாது. கீழேயிருந்து சுமந்து வர வேண்டும். அவர்களுக்கு வாரம் என்பது 10 நாள். 8 நாள் பள்ளத்தாக்கில் வேலை, மலை மேல் குடிசையில் தூக்கம். பிறகு வீட்டுக்கு வருவார்கள்.

"எட்டு நாளைக்கு ஒரு தடவை வீடு" என்றார் அப்பா. வேறொன்றும் சொல்லவில்லை. அவருக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை.

இங்கே ஆயிரக்கணக்கில் சுண்ணாம்புக் கல் சில்லுகள் கிடைத்திருக்கின்றன. பாப்பிரஸ் விலை அதிகம் என்பதால் சில்லுகளில்தான் கணக்கு எழுதியிருக்கிறார்கள். அதில் ஒன்று இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டாம் ராம்சேஸின் 40-வது ஆட்சியாண்டு அட்டெண்டன்ஸ்! 40 ஆட்களின் பெயர், வராத நாள், வராத காரணம். உடம்பு சரியில்லை, தேள் கடித்தது, கண் வலி, பீர் காய்ச்சப் போனான், அண்ணனுக்கு ஈமக்கடன். வீட்டுப் பெண்களுக்கு மாதவிலக்கு என்றும் காரணம் எழுதியிருக்கிறது. இதை நான் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல, அப்பாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "எங்க சைட்ல ஒருத்தன் மூணு தடவை அதே பாட்டி செத்துட்டான்னு லீவு போட்டான்!"

கிராமத்தின் ஓரத்தில், அந்தத் தொழிலாளர்கள் தங்களுக்காகவே கட்டிக்கொண்ட கல்லறைகள். சென்னெஜெம் என்பவருடைய கல்லறைக்குள் இறங்கினோம். செங்குத்தான படி, குனிந்துதான் போக வேண்டும். முழங்காலைப் பிடித்துக்கொண்டு அப்பா இறங்கினார். ஒரு பெட்ரூம் அளவுதான் இருக்கும். ஆனால், உள்ளே போனதும் மஞ்சள்! சுவர், வளைந்த கூரை எல்லாம் நேற்று தீட்டிய மாதிரி. மன்னர் கல்லறைகளில் பாம்பும் பூதமும் இருட்டு வழிகளும் பார்த்து வந்த கண்ணுக்கு, இங்கே ஒரு வயல். சென்னெஜெம் இரண்டு மாடுகளைப் பூட்டி உழுகிறார். பின்னாலேயே மனைவி ஈனெஃபெர்தி விதைத்துக்கொண்டு வருகிறார். இன்னொரு வரிசையில் இருவரும் கதிர் அறுக்கிறார்கள். செத்த பிறகு போகும் சொர்க்கம் இதுவாம். இருவரும் பளிச்சென்று வெள்ளை உடுத்தி, எங்கேயும் பிரியாமல்.

அப்பா சுவர் ஓரத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். "மண் பூச்சுதான். நல்லா தேய்ச்சிருக்கான், அலையே இல்லை." பிறகு அந்த உழவுப் படத்தின் முன் ரொம்ப நேரம் நின்றார். கைடு இரண்டு முறை கூப்பிட்டார். "இவரு பேரு என்ன சொன்னே?" என்று என்னிடம் கேட்டு, இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அந்தப் பயணத்தில் அவர் திருப்பிக் கேட்ட ஒரே பெயர்.

வெளியே வந்து நிழலில் உட்கார்ந்தபோதுதான் கைடு அந்த வேலைநிறுத்தக் கதையைச் சொன்னார். மூன்றாம் ராம்சேஸ் ஆட்சியின் 29-வது ஆண்டு. கூலி அப்போது தானியமாகத்தான் தருவார்கள். அது வராமல் நாள் தள்ளிப்போக, இந்தக் கிராமத்து ஆட்கள் கருவிகளைப் போட்டுவிட்டு, கோயில் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார்கள். பசிக்கிறது, தாகமாக இருக்கிறது, துணி இல்லை, எண்ணெய் இல்லை, மன்னருக்குச் சொல்லுங்கள் என்று. அதிகாரிகள் கெஞ்சினார்கள், சமாதானம் சொன்னார்கள், கடைசியில் பாக்கியைக் கொடுத்தார்கள். உலகத்தில் எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் என்று இதைச் சொல்கிறார்கள். அந்த பாப்பிரஸ் இத்தாலியில் டூரின் நகரில் இருக்கிறது. பாதை வளைந்துபோன அந்தக் கல்லறைக்குச் சொந்தக்காரரும் இதே ராம்சேஸ்தான்.

நான் மொழிபெயர்த்து முடித்ததும் அப்பா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

மாலை, கிழக்குக் கரைக்குத் திரும்பும் படகில் அவராகவே ஆரம்பித்தார். "நாங்களும் உட்கார்ந்தோம் பாப்பா." 2009. நாலு மாதம் சம்பளம் வரவில்லை. தினமும் ஆபீஸ் வாசலில் போய் நின்றால் ஒரே பதில்தானாம்: "மாஃபி ஃபுலூஸ்." ஒருநாள் விடியற்காலை வேலைக்குக் கூட்டிப்போகும் பஸ் வந்து நின்றது. 60 பேரும் ஏறவில்லை. கேம்ப் முற்றத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். பயத்தில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லையாம். அந்த எகிப்து ஃபோர்மேன் மட்டும் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து அவர்களோடு உட்கார்ந்தார். மூன்றாம் நாள் இரண்டு மாத சம்பளம் வந்தது. மிச்ச இரண்டு மாதம் வரவே இல்லை. ஃபோர்மேனை வேறு சைட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

அந்த வருடம் எனக்கு நினைவிருக்கிறது. ஐந்தாம் வகுப்பு. அம்மா கழுத்தில் செயின் இல்லாமல் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. கேட்டதற்கு, "செயின் உறுத்துது, கழட்டி வச்சிருக்கேன்" என்றார். வெள்ளிக்கிழமை போனில் அப்பா வழக்கம் போல, "சாப்டியா, பள்ளிக்கூடம் போனியா" என்றுதான் கேட்டார். எனக்காக இருவரும் பொய் சொல்லிக்கொண்டிருந்த வருடம் அது. 16 வருடங்களுக்கு மேல் ஆகி, நைல் நதியில் வைத்து எனக்குத் தெரிகிறது.

"ஏன்பா சொல்லவே இல்லை?"

"சொல்லி என்ன பண்ணப்போற? நீ கணக்குல நூறு எடுத்தேன்னு சொன்ன வாரம் அது."

அதற்கு மேல் எதையும் கேட்கத் தெரியவில்லை. ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தோம்.

அன்று இரவு ஹோட்டல் வைஃபையில் சென்னெஜெம் பற்றித் தேடினேன். 1886-ல் அந்தக் கல்லறையைத் திறந்தபோது, அவரோடு வைத்திருந்த பொருள்களில் மரக் கருவிகளும் இருந்திருக்கின்றன. போட்டோ கிடைத்தது. போனை அப்பாவிடம் கொடுத்தேன். எதுவும் சொல்லாமல்தான் கொடுத்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "அட... இது மூலைமட்டம். இது மட்டம் பாக்குறது, நடுவுல குண்டு தொங்குது பாரு. இது சுவர் நேரா நிக்குதான்னு பாக்குறது. தூக்குக்குண்டு!" 3,200 வருடத்துக்கு முந்தையது என்றேன். "எங்கிட்டயும் இதேதானே இருக்கு. அவனோடது மரம், என்னுது இரும்பு" என்றார்.

பிறகு, "இதை எங்க குரூப்ல போட்டு விடு" என்றார். வளைகுடாவில் அவரோடு கேம்ப்பில் இருந்தவர்களின் வாட்ஸ்அப் குரூப். அனுப்பினேன். நம் ஊரில் அப்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். ஆனாலும் யாரோ ஒருவர் முழித்திருந்தார். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது.

"குண்டு நூல் பழசா இருக்கே, மாத்தச் சொல்லு அண்ணே."

அப்பா சத்தமாகப் படித்துச் சிரித்துவிட்டு, போனை சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தார்.